மோட்டர் சுற்றுகிறது, கண்ணாடி நனையவில்லை

பெரும்போக வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டால் என் மேசைக்கு வரும் கடிதங்களின் சுருதி மாறிவிடும். மார்கழியில் ‘பிரேக் பிடிக்கவில்லை, கதவுக்குள் தண்ணீர் நிற்கிறது’ என்று எழுதியவர்கள் மாசியில் ‘கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதுகிறார்கள். வெட்டு மெஷின் கிளப்பும் பதர் ஒரு பக்கம். பொழுது பட்டதும் வயலோரத்தில் விளக்கைக் கண்டு வந்து மோதும் பூச்சிகள் இன்னொரு பக்கம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இவற்றோடு உப்பும் சேரும். இம்முறை நான்கு கடிதங்கள் கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பற்றியவை. அவற்றில் மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுடையவை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இத்தனை பேர் தார்ப்பாய்க்கு அடியில் இப்படிப்பட்ட வண்டிகளை மறைத்து வைத்திருப்பது, இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கேள்வி: ஐயா, என் மாமா விட்டுச் சென்ற 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த கார் எங்களிடம் இருக்கிறது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்க டாஷ்போர்டில் கையால் அமுக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் ஒன்றும் வருவதில்லை. அதைக் கைவிட்டு, கடையில் அடியில் பம்பு பூட்டிய 12 வோல்ட் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை வாங்கிப் பூட்டினேன். பம்பின் சிவப்பு வயரை பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்து, கறுப்பு வயரை வண்டியின் உடம்பில் முடுக்கினேன். மோட்டர் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் தண்ணீர் ஜெட்டிலிருந்து எழும்பாமல் வடிகிறது. இரண்டாவது பம்பும் வாங்கிவிட்டேன், அதுவும் இதே கதை. சென்ற வருடம் தம்பி பூட்டிய புதிய ரேடியோவும் அன்றே புகைந்துபோனது. வண்டிக்கு ராசி இல்லை என்கிறார் அம்மா. — ஒரு வாசகர், பாண்டிருப்பு

பதில்: தம்பி, அந்த ரேடியோ வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், நானும் உங்களை மூன்றாவது பம்பு வாங்க அனுப்பியிருப்பேன். உங்கள் இரண்டு பம்புகளும் நல்லவை. அவை பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எம்.ஜி.பி. 1962இல் வெளிவந்து 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்ட வண்டி. 1967 வரையில் வந்தவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. அதன்பிறகே மற்ற வண்டிகளைப் போல மறைமுனை உடம்புக்குப் போனது. நாம் இன்று கடையில் வாங்கும் எல்லாம், பம்பானாலும் ரேடியோவானாலும், ‘உடம்பு என்றால் மைனஸ்’ என்ற நினைப்பிலேயே செய்யப்பட்டவை. கறுப்பு வயரை உடம்பில் முடுக்கியபோது அதற்கு பிளஸ் கொடுத்துவிட்டீர்கள். ரேடியோ அதைத் தாங்காமல் புகைந்தது. பம்பின் உள்ளே நிரந்தரக் காந்தம் வைத்த சின்ன மோட்டர் இருக்கிறது. அது புகையாது, குறை சொல்லாது, மறுபக்கம் சுற்றும். தண்ணீரைத் தள்ளும் விசிறி ஒரு திசைக்காகச் செய்யப்பட்டது. மறுதிசையில் சுற்றினால் சத்தம் போடும், கொஞ்சம் தண்ணீரும் நகரும், ஆனால் ஜெட்டிலிருந்து பாய்வதற்கான அழுத்தம் வராது. நீங்கள் எழுதியிருப்பது அதேதான்.

இனிச் செய்ய வேண்டியது. ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், இடையில் எவராவது முனைகளை மாற்றியிருக்கலாம். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து பாருங்கள். உங்கள் வண்டியில் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். உடம்பில் முடுக்கிய தடித்த வயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மல்ரிமீற்றர் இருந்தால் இன்னும் சுலபம். அதன் கறுப்பு முனையை உடம்பிலும், சிவப்பு முனையை சாவி போட்டதும் மின் வரும் பச்சை வயரிலும் வையுங்கள். பழைய பிரித்தானிய வண்டிகளில் முழுப் பச்சை என்றால் சாவியோடு, பியூசைத் தாண்டி வரும் வயர். மானி 12 என்று காட்டாமல் −12 என்று காட்டினால் நான் சொன்னது சரி. பம்பின் சிவப்பை உடம்புக்கும் கறுப்பை பியூசிலிருந்து வரும் வயருக்கும் மாற்றுங்கள். இது ஐந்து நிமிட வேலை. முடித்ததும் அந்த வயரில் ஒரு துண்டு நாடாவைச் சுற்றி ‘மாற்றிப் பூட்டப்பட்டது’ என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து பொனட்டைத் திறக்கும் மெக்கானிக் உங்களைத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பியூசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வண்டியின் ஆரம்பகாலப் பெட்டியில் இரண்டே பியூஸ், 35 அம்பியர் என்று எழுதியிருக்கும். அந்த 35 அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ அதில் பாதி. இதைத் தெரியாமல் இக்காலத்து 35 அம்பியர் பியூஸ் போட்டால், வயர் வெந்த பிறகும் பியூஸ் சுகமாக இருக்கும். பம்புக்குப் போகும் வயரில் தனியாக ஐந்து அம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் பூட்டிவிடுங்கள்.

இதற்காக வண்டி முழுவதையும் மறைமுனை உடம்புக்கு மாற்றட்டுமா என்று அடுத்த கடிதம் வரும், எனக்குத் தெரியும். செய்யலாம். ஸ்டார்ட்டருக்கு எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை. ஆனால் டைனமோவுக்குப் புதிய முனை பழக்க வேண்டும், இக்னிஷன் கொயிலின் வயர்களை மாற்ற வேண்டும், என்ஜின் சுழற்சி காட்டும் மின்மானியின் உட்பாகத்தைத் திருத்த வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீருக்காக இத்தனை வேலையா?

என்னைக் கேட்டால் அந்தப் பிளாஸ்டிக் தாங்கியையே கழற்றிவிட்டு மாமாவின் கைப்பம்பை உயிர்ப்பிக்கச் சொல்வேன். அதில் மின்சாரமே இல்லை, பழுதாக இடமும் குறைவு. பொத்தானை அமுக்கும்போது உள்ளே இருக்கும் றப்பர், அறையிலுள்ள தண்ணீரை ஜெட்டுக்குத் தள்ளும். விடும்போது ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்க, போத்தலிலிருந்து புதுத் தண்ணீர் வந்து நிறையும். அவ்வளவுதான். ஊரில் பழைய அடிபம்பு கண்டவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அடிபம்பில் இருப்பதைப் போல இதற்கும் தண்ணீரை ஒருவழிப்படுத்தும் வால்வு உண்டு. போத்தலுக்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஒன்று இருக்கும், பத்தில் ஏழு வண்டிகளில் பழுது அங்கேதான். பாசி பிடித்து ஒட்டிக்கொள்ளும், அல்லது சரியாக மூடாமல் தண்ணீரைப் பின்னால் விட்டுவிடும். அந்தக் குழாயை வெளியே எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள், பிறகு உறிஞ்சிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போக வேண்டும். இரண்டு பக்கமும் போனாலும் பழுது, இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் பழுது. வால்வு சரியென்றால் குழாய்களைப் பாருங்கள். அதுவும் சரியென்றால்தான் பம்பின் றப்பர். நான் ஒருமுறை சைக்கிள் ரியூபில் வட்டம் வெட்டிப் போட்டு ஆறு மாதம் ஓட்டினேன், பெருமைப்பட்டுக்கொண்டேன், ஏழாம் மாதம் என் முழங்காலில் தண்ணீர் ஒழுகியது. இங்கிலாந்தில் எம்.ஜி. உதிரிப்பாகம் விற்பவர்கள் இந்தக் கைப்பம்பை இன்றும் புதிதாக விற்கிறார்கள். அங்கே யாராவது உறவினர் இருந்தால் அடுத்த முறை வரும்போது சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வண்டியின் ராசி நல்லது. இரண்டு பம்பு மிச்சம் இருக்கிறது, ஒன்றை எனக்கு அனுப்பலாம்.

கேள்வி: காக்கா, என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்.-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றது. சாரதி பக்க ஜெட் நன்றாக அடிக்கிறது, மற்றப் பக்கம் சொட்டுகிறது. காலையில் முதல் தடவை சுவிட்சைத் தட்டினால் நாலைந்து செக்கன் கழித்தே தண்ணீர் வருகிறது. கராஜில் ‘பம்பு போய்விட்டது, புதிது போட வேண்டும்’ என்கிறார்கள். — ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: தம்பி, ஒரு ஜெட் நன்றாக அடிக்கிறதா? அப்படியானால் பியூஸ், சுவிட்ச், வயர், பம்பு, தாங்கி ஐந்துக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம். தண்ணீர் ஒரே குழாயில் வந்து, ஒரு முச்சந்தியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஜெட்டுக்கும் போகிறது. சந்திவரை வந்த பஸ் காரைதீவுக்குப் போகிறது, சம்மாந்துறைக்குப் போகவில்லை என்றால் பஸ்ஸில் பிழை தேடுவார்களா?

சொட்டுகிற பக்கத்து ஜெட்டின் அடியில் குழாயை உருவி, நுனியை ஒரு குவளைக்குள் விட்டு, வீட்டில் ஒருவரை சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள். குவளைக்குள் வேகமாகப் பாய்ந்தால் அடைப்பு ஜெட்டில். அங்கும் சொட்டினால் சந்திக்கும் ஜெட்டுக்கும் இடையில் குழாய் எங்கோ நசிந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. பொனட்டின் பிணைச்சல் அருகே விரலால் தடவிக்கொண்டே போங்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்த குழாய் அங்கேதான் பழிவாங்கும்.

ஜெட் அடைத்திருந்தால் மெல்லிய ஊசியை வெளிப்பக்கமிருந்து மெதுவாக விட்டு, பிறகு உட்பக்கமிருந்து காற்றை ஊதுங்கள். ஊசியைத் திருகித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். துளை பெருத்தால் தண்ணீர் பாயாது, வழியும். வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்திருந்தால் ஜெட்டைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வினாகிரியை வண்டிப் பெயின்றில் சிந்த வேண்டாம்.

காலையில் வரும் தாமதம் வேறு நோய். இரவில் குழாயிலுள்ள தண்ணீர் தாங்கிக்கு இறங்கிவிடுகிறது, அதை மீண்டும் மேலே நிரப்பப் பம்புக்கு நேரம் எடுக்கிறது. இறங்காமல் தடுக்க வேண்டியது ஒருவழி வால்வு. அதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். புதிதாகப் போட்டால் அதன் மேலுள்ள அம்புக்குறி ஜெட்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பூட்டிவிட்டு, ‘இப்போது அறவே வரவில்லை’ என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் உண்டு. இணைப்பில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும் இதே தாமதம் வரும். என்ஜின் சூட்டில் குழாயின் நுனிதான் முதலில் இறுகிக் கட்டையாகும். ஒரு சென்ரிமீற்றரை வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியைக் கொதிநீரில் நனைத்து அமர்த்துங்கள். கிறீஸ், வஸ்லின் போட்டு வழுக்க வேண்டாம், சில றப்பரை அவை ஊதிக் கெடுக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். மாற்றுக் குழாய் கிடைக்காவிட்டால் மீன்தொட்டிக் கடையில் நாலு மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் கிடைக்கும். சூடான இடங்களைத் தொடாமல் கொண்டுபோனால் அது தற்காலிகத்துக்கு உதவும். சேலைன் குழாய் வேண்டாம். அது நசியும், பார்ப்பவர்கள் வண்டிக்கு என்ன வருத்தம் என்றும் கேட்பார்கள்.

கேள்வி: வீடு கொக்கட்டிச்சோலை, வேலை ஆரையம்பதியில். தம்பியின் பழைய ரொயோட்டா செலிக்காவைத்தான் ஓட்டுகிறேன். தண்ணீர் நன்றாக அடிக்கிறது. ஆனால் அடித்துத் துடைத்தால் கண்ணாடி முன்னைவிட மங்கிப்போகிறது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு பக்கற் ஷாம்பு கலந்து ஊற்றுகிறேன். — ஒரு வாசகி

பதில்: மகள், முதலில் உங்கள் வீட்டையும் வேலையையும் இடம் மாற்ற வேண்டும். காலையில் எழுவான்கரைக்கு வருகிறீர்கள், சூரியன் முகத்தில். மாலையில் படுவான்கரைக்குத் திரும்புகிறீர்கள், சூரியன் மறுபடி முகத்தில். மண்முனைப் பாலத்தில் ஐந்தரை மணிக்கு ஏறினால் வாவி வேறு மினுங்கும். நிழலில் சுத்தமாகத் தெரியும் கண்ணாடி அந்த வெளிச்சத்தில் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். எதிரே சைக்கிளில் வரும் மீன்காரர் தெரியமாட்டார். அதனால் இது சின்ன விடயம் என்று நான் நினைக்கவில்லை.

ஷாம்பு தலைக்கு மினுக்கம் கொடுப்பதற்கென்றே சில பொருட்களைக் கலந்து செய்யப்படுவது. அதே மினுக்கத்தைக் கண்ணாடியிலும் படலமாக விட்டுவிட்டுப் போகும். பாத்திரம் கழுவும் திரவமும் நுரைத்து நுரைத்துக் கோடு போடும். கிணற்றுத் தண்ணீர் அடுத்த குற்றவாளி. நம்முடைய கரையோர மணலில் தோண்டிய கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் உவர், கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்த வெள்ளைதான் ஜெட்டையும் அடைக்கிறது, கண்ணாடியில் காய்ந்து புள்ளியாகவும் நிற்கிறது.

பற்றரிக்கு விற்கும் வடிநீர் மிக நல்லது. அது செலவென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடியுங்கள். வாடைக்காலத்து மழைநீரையும் துணியில் வடித்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்கென்று விற்கும் கழுவு திரவத்தை அதன் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்தால் போதும், கூட்டினால் அதுவும் படலமாகும். குளிர்நாட்டுக்கான உறையாத்திரவத்தை இங்கே எவராவது விற்க வந்தால் அவரை உகந்தைக் காட்டுப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

இப்போது தாங்கியில் இருப்பதை முழுவதும் வெளியேற்றி, இளஞ்சூடான தண்ணீர் விட்டு இரண்டு தரம் அலசுங்கள். பிறகு வைப்பர் றப்பரை ஈரத் துணியால் துடையுங்கள், துணி கறுப்பாகும்வரை அல்ல, கறுப்பாவது நிற்கும்வரை. கச்சான் காற்று வீசும் காலத்தில் புழுதியும் உப்பும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு தோலாகவே படிந்துவிடும். அந்த நாட்களில் காலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கையால் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வைப்பரைத் தொட வேண்டும். உலர்ந்த மணலை வைப்பரால் இழுத்தால் கண்ணாடியில் வில் வில்லாகக் கீறல் விழும், அதற்கு மருந்து இல்லை.

தாங்கியின் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிக்கு அது தொலைந்திருக்கும். ஆறு மாதம் நிறுத்தி வைத்த ஒரு வண்டியின் தாங்கிக்குள் நான் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது நுளம்புக் குடம்பிகள் நெளிந்து விளையாடிக்கொண்டிருந்தன. டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும், இரண்டு லீற்றர் தாங்கி அதற்கு உன்னிச்சைக் குளம். மூடி இல்லாவிட்டால் பொருந்தும் ஒரு போத்தல் மூடியை அடைத்துவிடுங்கள், நடுவில் ஊசித்துளை ஒன்று போட மறக்காதீர்கள். காற்றுப் புகாவிட்டால் தண்ணீர் வெளியேறாது.

படலம் என்றதும் என் வெட்கக்கேடு ஒன்று நினைவுக்கு வருகிறது. இளவயதில் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போகும்போது, மகாஓயாவைத் தாண்டி ஒரு லொறி சேற்றைக் கண்ணாடி முழுவதும் பூசிவிட்டது. தாங்கி காலி. கையிலிருந்த இளநீரை ஊற்றித் துடைத்தேன். சேறு போனது. வெயில் ஏற ஏற வைப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முனகத் தொடங்கியது, பதுளை போய்ச் சேர்வதற்குள் எறும்பும் வந்துவிட்டது.

கேள்வி: தாங்கியில் தண்ணீர் இல்லாதபோது சுவிட்சை அமுக்கினால் பம்புக்கு ஆபத்தா? இன்னொன்று: என் காரில் தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி மேலே பறந்து, பின்னால் வருபவர்மேல் விழுகிறது. — ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: ஆபத்துத்தான். ஓடும் தண்ணீரே அந்தப் பம்பைக் குளிர்விக்கிறது, உள் பாகங்களுக்கு வழுக்கலும் அதுதான். வரவில்லை என்று தெரிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கும்போதும் ஒரே மூச்சில் பத்து செக்கனுக்கு மேல் அமுக்க வேண்டாம்.

இரண்டாவதற்கு, ஜெட்டின் நுனியில் சின்ன உருண்டை இருந்தால் துளைக்குள் குண்டூசியை விட்டுக் கீழ்நோக்கிக் கடுகளவு சாயுங்கள். பித்தளை ஜெட்டில் வெட்டு இருந்தால் சின்ன ஸ்குறூ டிரைவர் போதும். வண்டி நிற்கும்போது தண்ணீர் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி வையுங்கள், ஓடும்போது காற்று அதைக் கொஞ்சம் கீழே அமுக்கும். பிறகு பொத்துவில் வீதியில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒருமுறை ஓட்டிச் சரிபாருங்கள். அதுவரை பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்.